நீங்க முன்னால போங்க

வெங்காய மூட்டைக்கும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கும் நடுவே குப்புறப் படுத்திருந்த கிருபாசங்கர், தார்ப்பாய்க்கு அடியிலிருந்து மெல்லக் குரல் கொடுத்தார்.

"பாய், அவியளத் தாண்டிட்டோமுங்களா?"

"தலையத் தூக்காதீங்ணா," என்றார் வேனை ஓட்டிக்கொண்டிருந்த அப்துல் கையூம். "நான் சொல்றப்ப எந்திரிச்சாப் போதுமுங்க."

கிருபாசங்கர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். பக்கத்தில் அவருடைய கியர் சைக்கிளும் படுத்திருந்தது. புல் பூண்டு இல்லாத இமயமலைப் பாலைவனத்தில், கேலாங்கிலிருந்து லே வரைக்கும் சைக்கிள் மிதித்தே போவதென்று கோயமுத்தூர் கணபதியிலிருந்து கிளம்பி வந்த மூன்று பேரில் அவரும் ஒருவர். வழியில் மூன்று பெரிய கணவாய்கள். இது முதலாவது. மிதிக்க ஆரம்பித்துக் கொஞ்ச தூரத்திலேயே மூச்சு எங்கே போயிற்று என்று அவருக்குத் தெரியவில்லை. முழங்கால் இருக்கிற இடம் மட்டும் நன்றாகத் தெரிந்தது.

இந்த யோசனை அரங்கசாமி ஐயாவுடையது. கணபதியில் பவுண்டரி நடத்துகிறவர். அவரும், மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கும் கிருபாசங்கரும், காந்திபுரத்தில் டேப் ரிக்கார்டர் கடை வைத்திருக்கும் வேலனும் ஞாயிற்றுக்கிழமைகளில் மேட்டுப்பாளையம் வரை சைக்கிளில் போய், டிபன் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். உடற்பயிற்சியைவிட டிபன்தான் அதில் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். தொண்ணூற்றாறாம் வருஷத்தில் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாவது தோசைக்குக் காத்திருந்தபோது அரங்கசாமி சொன்னார்: "லடாக்குன்னு ஒரு எடம். வெள்ளக்காரன் அங்க சைக்கிள்லயே போறானாமா. நாமளும் ஒருக்கா போய்ப் பாத்துட்டு வரலாமுங்களா?"

கொங்கு நாட்டில் ஒரு பெரிய மனிதர் ஆசையாக ஒன்றைச் சொன்னால், முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்கிற வழக்கம் கிடையாது. "அதுக்கென்னுங்க, போலாமுங்க" என்று சொல்லிவிட்டு, அப்புறம் போகாமல் இருந்துவிடுவார்கள். கிருபாசங்கரும் அதையேதான் சொன்னார். வேலனும் சொன்னான். ஆனால் அரங்கசாமி அன்று சாயங்காலமே ஆளை அனுப்பி டில்லிக்கு டிக்கெட் எடுத்துவிட்டார்.

கோட்டைமேட்டுக்காரரான கையூம் அரிசி, பருப்பு, கூடாரம், சைக்கிள்கள் எல்லாவற்றையும் தன் வேனில் ஏற்றிக்கொண்டு முன்னதாகவே வடக்கே புறப்பட்டார். ரோட்டில் துணைக்கு அவர், சமையலுக்கும் அவர்.

கிருபாசங்கர் கிளம்பும்போது மனைவி வெங்கடலட்சுமி வாசல் வரை வந்தாள். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. மாடியை மட்டும் ஒரு தரம் அண்ணாந்து பார்த்தாள். ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் கிருபாசங்கர் ஆரம்பித்த மாடி அது. தூண்கள் மட்டும் எழும்பி, கம்பிகள் வானத்தைப் பார்த்து நின்றன. அவள் அதில் துணி காயப்போட்டு வந்தாள். அவர் கற்ற இந்தி மூன்றாம் பரீட்சையோடு நின்றது. நீச்சல், மிதப்பது வரைக்கும் வந்து நின்றது.

"ஏனுங்க, நான் உங்ககிட்ட நகை நட்டு கேக்கல," என்றாள் அவள். "ஏதாச்சும் ஒண்ணையாவது முழுசா முடிச்சுபோட்டு வாங்க. அது போதுமுங்க."

அந்த வார்த்தை ரயிலில் டில்லி வரை அவர் கூடவே வந்தது. இப்போது தார்ப்பாய்க்கு அடியிலும் வந்து படுத்துக்கொண்டிருந்தது.

கையூம் வண்டியை நிறுத்தினார். "எறங்கிக்குங்ணா. இந்த வளைவைத் திரும்புனாக் கூடாரம் போடற எடமுங்க."

கிருபாசங்கர் இறங்கி, சைக்கிளைத் தட்டிவிட்டு, கடைசிச் சரிவை மிதித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அங்கே ஒருவரும் இல்லை. அவர்தான் முதல் ஆள்.

வெகுநேரம் கழித்து அரங்கசாமி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கிருபாசங்கரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பி, நீங்க எங்களத் தாண்டுனதே தெரியலீங்களே. காத்தாட்டம் போயிருக்கறீங்க."

"ஏதோங்க," என்றார் கிருபாசங்கர்.

பின்னாலேயே வேலன் வந்து சேர்ந்தான். "எனக்குத் தெரியுமுங்கய்யா. அண்ணன் தாண்டறப்ப நான் கையாட்டுனனுங்க. அவருதான் கவனிக்கல."

கிருபாசங்கர் வேலனை ஒரு தினுசாகப் பார்த்தார். தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தவனுக்கு இவன் எப்படிக் கையாட்டினான்? உயரத்தில் காற்று குறைந்தால் சிலருக்கு இல்லாதது தெரியும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சின்ன வயசுக்காரன், பாவம், என்று எண்ணிக்கொண்டார்.

அன்று கையூம் செய்த தக்காளி சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே அரங்கசாமி ஒரு முடிவு சொன்னார். "இனிமேல் கிருபா தம்பிதான் நமக்குத் தலைவரு. நாளைக்கு அவரு முன்னால போகோணும். நாம பொறகால போலாம்."

கிருபாசங்கருக்குச் சோறு இறங்கவில்லை. அன்று அவர் செய்த ஏற்பாடு மிகச் சுலபமானது. புறப்படும்போது "நீங்க முன்னால போங்க, நான் பொறகால வாரேன்" என்றார். மற்ற இருவரும் "சே, நீங்க போங்க" என்றார்கள். கொஞ்ச நேரம் இப்படியே ஒருவரை ஒருவர் உபசரித்துவிட்டு, கடைசியில் ஆளுக்கொரு நேரத்தில் தனித்தனியாகப் போனார்கள். அந்த மரியாதையின் நிழலில்தான் அவர் வேனுக்குள் நுழைய முடிந்தது. தலைவர் எப்படிப் பின்னால் போவது?

மறுநாள் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். முதல் வளைவு வரை வேகமாக மிதித்துப் போய், சாலைக்கு அடியில் இருந்த சிறு பாலத்துக்குள் சைக்கிளோடு நுழைந்துகொண்டார். மற்ற இருவரும் தாண்டிப் போனபிறகு, கையூம் வந்து ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று பேச்சு.

பாலத்துக்கு அடியில் பனி உருகிய தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காலை மாற்றி ஒரு காலாக நின்றுகொண்டு காத்திருந்தார். தலைக்கு மேலே ஒரு வண்டி ஏறிப் போகும் சத்தம் கேட்டது. பிறகு இறங்கி வரும் சத்தம். மறுபடியும் ஏறிப் போகிற சத்தம். சைக்கிள் சத்தம் மட்டும் கேட்கவே இல்லை. சைக்கிளுக்கு என்ன பெரிய சத்தம் இருக்கப் போகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். கால் விறைத்து, பல் கிட்டித்துப்போன பிறகுதான் கையூமின் முகம் பாலத்துக்குள் எட்டிப் பார்த்தது.

"நெம்ப நேரமாயிருச்சுங்களாண்ணா? கோவிச்சுக்காதீங்க. வேல எச்சாப் போச்சு."

"என்ன வேல பாய், இந்தப் பொட்டக் காட்டுல?"

"வண்டின்னா நூறு வேல இருக்குமுங்க," என்றார் கையூம். இரண்டே நாளில் அவர் கண்கள் குங்குமமாகச் சிவந்திருந்தன.

இரண்டாவது கணவாய்க்கு அப்பால் பெரிய சமவெளி. வெயில் சுடுகிறது, நிழல் குளிர்கிறது, வேறு ஒன்றும் இல்லை. அதன் கடைசியில், மூன்றாவது மலையின் அடிவாரத்தில் கூடாரம். முழங்கால் வரை நனைந்த பேண்ட்டோடு கிருபாசங்கர் அங்கே போய்ச் சேர்ந்தபோது, அரங்கசாமியும் வேலனும் ஏற்கெனவே வந்து பாறைமேல் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் கடைசியாக வந்ததற்கு என்ன காரணம் சொல்வது என்று அவர் யோசிப்பதற்குள் அரங்கசாமி எழுந்து வந்து, அந்தப் பேண்ட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"வேலா, பாத்தியாப்பா? வழியில ஓடை குறுக்க ஓடுச்சே. நமக்கு ஆழம் எவ்வளவோன்னு இவரு எறங்கிப் பாத்துட்டு நின்னிருக்கறாரு. நாம தாண்டற வரைக்கும் காவல் இருந்திருக்கறாரு."

"ஆமாங்கய்யா. நானும் பாத்தனுங்க," என்றான் வேலன்.

இவனுக்கு முற்றிக்கொண்டே வருகிறது என்று கிருபாசங்கர் கவலைப்பட்டார். மறுத்துப் பேசத் தெம்பில்லை. விடிவதற்குள் அவருக்கே காய்ச்சல் வந்துவிட்டது.

காய்ச்சல் வந்ததில் அவருக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. இனி ஒளிய வேண்டியதில்லை. மூன்றாவது மலைதான் இருப்பதிலேயே உயரம். நோயாளியாக, வேனில், தலை நிமிர்ந்து முன் சீட்டிலேயே உட்கார்ந்து போகலாம்.

நினைத்தபடியே அரங்கசாமி நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, இன்னிக்கு நீங்க வேன்ல ஒக்காந்துக்குங்க," என்றார்.

"இருக்கட்டுங்க," என்றார் கிருபாசங்கர்.

நம் ஊரில் "இருக்கட்டுங்க" என்பது மறுப்பு அல்ல. காபி குடிக்கிறீர்களா என்று கேட்டால் சொல்கிற முதல் பதில் அது. கேட்டவர் மறுபடி கேட்க வேண்டும். இவர் "இப்பத்தான் குடிச்சனுங்க" என்பார். மூன்றாவது தடவை அவர் "அட, குடிங்க" என்று டம்ளரைக் கையில் திணிக்க, இவர் வாங்கிக் குடிப்பார். பிறந்தது முதல் கிருபாசங்கர் எல்லாக் காபியையும் இப்படித்தான் குடித்திருக்கிறார். ஆகவே அரங்கசாமியின் இரண்டாவது கேள்விக்காக அடக்கமாகக் காத்திருந்தார்.

அரங்கசாமி கண் கலங்கினார். "வேலா, இதுதாம்ப்பா மன உறுதி. காச்சலோட மிதிக்கறேங்கறாரு. இதுக்கு மேல நாம தடுக்கப்படாது." சொல்லிவிட்டுச் சட்டென்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அத்தனை அவசரத்தைக் கிருபாசங்கர் அவரிடம் அதற்குமுன் பார்த்ததில்லை. வேலனும் "நான் முன்னால போறனுங்ணா" என்று, உபசாரத்துக்குக்கூட நிற்காமல் போய்விட்டான்.

கிருபாசங்கர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கையூமிடம் போனார். "பாய், என்னால ஆகாதுங்க. மலை ஏர்ற எடத்துல வெள்ளையா ஒரு கோபுரம் இருக்குதில்லீங்களா, அங்க நிக்கறேன். மறந்துபோடாதீங்க."

"கண்டிசனா வாரேனுங்ணா," என்றார் கையூம்.

கிருபாசங்கர் அந்த வெள்ளை ஸ்தூபிக்குப் பக்கத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். வேன் அவரைத் தாண்டி மேலே போயிற்று. கையூம் ஜன்னல் வழியாக ஐந்து விரலையும் விரித்துக் காட்டி, கொஞ்சம் பொறுங்கள் என்றார். பொறுத்தார். வேன் கீழே வந்தது, மறுபடி மேலே போயிற்று. கையூம் மறுபடி கையைக் காட்டினார். மறுபடி பொறுத்தார். அதன்பிறகு வேன் வரவில்லை.

ஆடு மேய்க்கும் பெண்மணி ஒருத்தி அந்தப் பக்கமாக வந்தாள். அவரைப் பார்த்துவிட்டு, குடுவையிலிருந்து கிண்ணத்தில் தேநீரை ஊற்றி நீட்டினாள். "இருக்கட்டுங்க," என்றார் அவர். அவளுக்குத் தமிழ் தெரியாததால் கிண்ணத்தைக் கையில் வைத்துவிட்டாள். உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீர். நம் ஊர் நாக்குக்கு அது ரசத்திலும் சேராது, டீயிலும் சேராது. ஆனால் வயிற்றுக்குள் போனதும் சூடாக இருந்தது.

அவளும் ஆடுகளோடு போய்விட்டாள். வேன் இல்லை. மேகம் மலையைத் தொட்டுக்கொண்டு வந்தது. இங்கேயே உட்கார்ந்திருந்தால் விறைத்துப் போக வேண்டியதுதான். கிருபாசங்கர் எழுந்து, வேறு வழியில்லாமல் சைக்கிளில் ஏறினார்.

ஒரு வளைவு மிதித்தார். நின்றார். மூச்சு வாங்கினார். பெரிய மலையைப் பார்த்தால் பயமாக இருந்தது. ஆகவே அதைப் பார்க்காமல், கணபதியிலிருந்து டவுன் பஸ்ஸில் போவதாக வைத்துக்கொண்டார். இந்த வளைவு டெக்ஸ்டூல் ஸ்டாப்பிங். அடுத்தது ஆம்னி பஸ் ஸ்டாண்ட். அதற்கடுத்தது காந்திபுரம். காந்திபுரம் வந்தும் மலை முடியவில்லை. சரி என்று ரயில்வே ஸ்டேஷனுக்கு விட்டார், அங்கிருந்து உக்கடத்துக்கு விட்டார். மலை முடியாமல் போய்க்கொண்டே இருந்ததால் பாலக்காடு ரோட்டிலும் கொஞ்ச தூரம் போக வேண்டியிருந்தது. ஒரு இடத்தில் ரோட்டோரம் உட்கார்ந்து அழக்கூடச் செய்தார். "பாய், இப்படிப் பண்ணிப்போட்டீங்களே," என்று சத்தமாகவே சொன்னார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஏறினார். இறங்கித் தள்ளவில்லை. ஏன் தள்ளவில்லை என்று அவரைக் கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

உச்சியில் வண்ணத் துணிக் கொடிகள் படபடத்துக்கொண்டிருந்தன. அவற்றின் கீழே அரங்கசாமியும் வேலனும் நின்றிருந்தார்கள். சட்டையில் ஒரு சொட்டு வியர்வை இல்லை, தலைமுடி கலையவில்லை. இரும்பு உடம்பு என்றால் இதுதான் என்று கிருபாசங்கர் நினைத்துக்கொண்டார்.

"வேன் எங்கீங்க?" என்று கேட்டார், குரல் வந்ததும்.

"முன்னால உருட்டீட்டுப் போயிட்டாருங்க தம்பி, நமக்கு ரூம் பாக்க," என்றார் அரங்கசாமி.

கிருபாசங்கர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். சந்தோஷமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றை அடியிலிருந்து நுனி வரைக்கும் முடித்திருந்தார். ஆனால் மூன்று மலைகளில் ஒன்றுதான் என்ற நினைப்பும் உடனே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. இவர்கள் இருவரும் மூன்றையும் முடித்தவர்கள் அல்லவா?

லே போய்ச் சேர்ந்த பிறகு கையூம் அவர் கண்ணில் படாமலே திரிந்தார். மற்றவர்கள் எதிரில் கேட்கவும் முடியாது. மூவரும் ரயிலேறி ஊர் வந்தார்கள், கையூம் வேனோடு பின்னால் வந்தார்.

கணபதியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா ஏற்பாடாயிற்று. அன்று காலை வெங்கடலட்சுமி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது, கிருபாசங்கர் தாங்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வெங்காய மூட்டை, பாலம், காய்ச்சல், ஒன்றையும் மறைக்கவில்லை.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "ஆக, அதும் மாடியாட்டத்தான்."

"ஆமா லட்சுமி."

அவள் சட்டையை மடித்து அவர் கையில் கொடுத்தாள். "மேடையில சொல்லிப்போடுங்க. சொல்லாம வாங்குற சால்வை நம்மூட்டுக்குள்ள வரப்படாதுங்க."

மண்டபம் நிறைந்திருந்தது. அரங்கசாமி மைக்கில், தலைவர் கிருபாசங்கரின் மன உறுதியைப் பற்றி விரிவாகப் பேசி, சால்வை போட்டார். கிருபாசங்கர் மைக்கைப் பிடித்தார்.

"எல்லாரும் மன்னிக்கோணும். நான் முழுசா மிதிக்கலீங்க. கடைசி மலை ஒண்ணுதானுங்க மிதிச்சேன். மொத ரெண்டும் வேன்ல படுத்துட்டு வந்தனுங்க."

அரங்கசாமி மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"பாத்தீங்களா? எங்க ரெண்டு பேரையும் ஒசத்தறதுக்கு, தன்னையத் தாழ்த்திக்கறாரு. கூடவே மிதிச்ச எங்களுக்குத் தெரியாதுங்களா?"

"என்ற கண்ணாலயே பாத்தனுங்க," என்றான் வேலன், எழுந்து நின்று.

கைதட்டல் கூரையைத் தொட்டது. இரண்டாவதாக ஒரு சால்வையும் விழுந்தது. கிருபாசங்கர் தவித்துப்போய், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த கையூமைக் கைகாட்டினார். "பாய், நீங்களே சொல்லுங்க. நான் வேன்லதான வந்தேன்?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கையூம் எழுந்து நின்று, அரங்கசாமியைப் பார்த்தார், வேலனைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"நான் ரோட்டப் பாத்து ஓட்டறவனுங்க. பின்னால பாக்கற பழக்கமில்லீங்க," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மண்டபம் சிரித்தது.

விழா முடிந்து எல்லாரும் பந்திக்குப் போனார்கள். கிருபாசங்கருக்குப் பசியில்லை. இரண்டு சால்வைகளையும் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். பக்கத்தில் வெங்கடலட்சுமி. அவள் முகத்தைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. உண்மையைச் சொல்வதைக்கூட அவரால் முழுசாக முடிக்க முடியவில்லையே. வேப்பமரத்தடியில் கையூம், காட்சிக்கு வைத்திருந்த சைக்கிளை வேனில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"பாய், ஒண்ணு கேக்கோணுமுங்க. தப்பா நெனைக்கப்படாது."

"கேளுங்ணா."

"கடைசி மலைக்கு வாரேன்னு சொன்னீங்க. காச்சலோட நின்னனுங்க. ஏனுங்க வரல?"

கையூம் கயிற்றை விட்டார். மண்டபத்து வாசலை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். உள்ளே அரங்கசாமியும் வேலனும், "நீங்க மொதல்ல ஒக்காருங்க", "நீங்க ஒக்காருங்க" என்று ஒருவரை ஒருவர் உபசரித்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. கையூம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அம்மணி இருக்கறாங்க, பொய் சொல்லப்படாதுங்க. தெனமும் மாதிரியே அன்னிக்கும் மூணு நடைங்க. மொதல்ல ஐயாவ மேல எறக்கி உட்டேன், திரும்பி வந்து ஐயாவுக்குத் தெரியாம வேலண்ணன எறக்கி உட்டேன். மூணாவது நடை உங்களுக்கு வரலாம்னு பாத்தா, வண்டியில டீசல் இல்லீங்ணா."